பாலத்தால் போங்கள், பாதையால் திரும்புங்கள்: படுவான்கரைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

கொழும்பிலிருந்தோ கனடாவிலிருந்தோ யாராவது மட்டக்களப்புக்கு வருகிறார்கள் என்றால், கையில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கும். பாசிக்குடாக் கடல், கல்லடிப் பாலம், கோட்டை, ஒரு நேரம் நண்டுக் கறி. எல்லாம் சரி. ஆனால் பாலத்தில் நின்று படம் எடுக்கிறவர்கள் வாவிக்கு அந்தப் பக்கம் தெரிகிற கரையைப் படத்தின் பின்னணியாக மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தப் பின்னணிதான் படுவான்கரை. அம்மாவின் ஊர் அங்கே, அப்பாவின் ஊர் இந்தப் பக்கம். சின்ன வயதிலிருந்து இரண்டு கரைக்கும் அலைந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கிற ஒடுங்கிய மணல் நிலம் சூரியன் எழுகிற பக்கம், அதனால் எழுவான்கரை. சூரியன் படுகிற மேற்குப் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் ஊர் முடிவதும் அடுத்த ஊர் தொடங்குவதும் தெரியாது. கடைகளும் பள்ளிக்கூடங்களும் கோயில்களும் பள்ளிவாசல்களும் ஒட்டி ஒட்டி இருக்கும். வாவியைத் தாண்டினால் வயல், குளம், அதற்கு அப்பால் காடு. எங்கள் பக்கத்தில் நெல் செய்வதைத்தான் 'வேளாண்மை' என்போம். வயல்வெளிக்கு 'வட்டை' என்று பெயர். வீட்டில் ஆண்கள் யாரும் இல்லாவிட்டால் "வட்டைக்குப் போயிருக்கார்" என்ற பதில் வரும், எப்போது வருவார் என்ற கேள்விக்குப் பதில் வராது.

இன்னொரு சொல்லையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: பாதை. மற்ற ஊர்களில் பாதை என்றால் நடக்கிற வழி. எங்களுக்கு அது ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவை. "பாதை வந்திட்டா?" என்று ஒருவர் கேட்டால், துறையடியில் நின்று தண்ணீரைப் பார்த்துக் கேட்கிறார் என்று அர்த்தம். படுவான்கரையைப் பார்க்க என்னிடம் இருப்பது ஒரே யோசனைதான். பாலத்தால் போங்கள், பாதையால் திரும்புங்கள், எத்தனை மணிக்கு எங்கே நிற்கிறீர்கள் என்பதில் கண்டிப்பாக இருங்கள். காலை ஏழு மணிக்குப் பார்த்த அதே வட்டையைப் பகல் ஒரு மணிக்குப் பார்த்தால் "இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்" என்று இருக்கும்.

முதலில் மாதம்

எங்கள் மழை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. கார்த்திகை, மார்கழியில் கொட்டும். வெள்ளம் ஏறினால் படுவான்கரையின் தாழ்ந்த வீதிகள் தண்ணீருக்குள் போய்விடும். சில ஊர்களுக்குத் தோணிதான். அதனால் நவம்பர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சைக்கிளை மறந்துவிடுங்கள். 1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளியை ஊரில் வயதானவர்கள் இன்றும் காலக்கணக்காக வைத்திருக்கிறார்கள். யாருடைய கலியாணம், எந்த மரம், எந்த வீடு என்று கேட்டாலும் "சூறாவளிக்கு முந்தி", "சூறாவளிக்குப் பிந்தி" என்றுதான் தொடங்குவார்கள்.

என்னைக் கேட்டால் பெப்ரவரி, மார்ச். ஐப்பசியை ஒட்டி விதைத்த பெரும்போகம் அப்போதுதான் வெட்டுக்கு வரும். பச்சையாகப் பார்க்க ஆசை என்றால் ஜனவரி கடைசியில் வாருங்கள். கதிர் பால்பிடித்து நிற்கும். வெட்டு நேரத்தில் வந்தால் வட்டை முழுக்க ஆள் நடமாட்டம். முன்பு களவெட்டியில் சூடு வைத்து (கதிர்க்கட்டுகளைக் குவித்து), மாடு விட்டு மிதித்து, "பொலி, பொலி" என்று பாடிப் பாடி நெல்லைக் குவிப்பார்கள். களத்தில் கண்ட சொல்லெல்லாம் பேசக் கூடாது. களத்துக்கென்றே தனிப் பேச்சு இருந்தது. இப்போது மெசின் ஒரு பக்கத்தால் நுழைந்து மறு பக்கத்தால் நெல்லைச் சாக்கில் கொட்டிவிட்டுப் போகிறது. பழையதைத் தேடி வந்து ஏமாறாதீர்கள். மெசினுக்குப் பின்னால் கொக்குகள் வரிசை கட்டி நடந்து பூச்சி பொறுக்குகிற காட்சிக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

சித்திரை முதல் ஆனி வரை வந்தால் மரமுந்திரிகைப் பழமும் பாலைப்பழமும் கிடைக்கும். பாலைப்பழம் தின்றால் உதடு பசை வைத்த மாதிரி ஒட்டும், முதல் தடவை பயப்பட வேண்டாம். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு நடக்கும். வைகாசிப் பூரணையை ஒட்டி, அம்மனைக் குளிரவைக்கிற குளிர்த்திச் சடங்கோடு முடியும். அந்த நாட்களில் பல ஊர்களில் மச்சம் (மீன், இறைச்சி) சமைக்க மாட்டார்கள். வாவி இறால் சாப்பிட என்று மட்டும் வருகிறவர்கள் அந்தக் கிழமையைத் தவிர்த்துக்கொள்ளலாம். சடங்கைப் பார்க்க விரும்புகிறவர்கள் அந்தக் கிழமையில்தான் வரவேண்டும். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும். உலர்ந்த, சூடான காற்று. வாவியைத் தாண்டி மேற்கே போகிற சைக்கிள்காரருக்கு அது நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி. காற்று உரக்க முன் காலையிலேயே போய்ச் சேர்ந்துவிடுவதுதான் ஒரே வழி. ஆனால் குளத்துத் தண்ணீர் பாய்கிற வட்டைகளில் அப்போதும் சிறுபோகம் பச்சையாக நிற்கும்.

முதல் நாள் மாலையே செய்யவேண்டியவை

கொழும்புக் கோட்டையிலிருந்து உதயதேவி பகல் ரயில் வருகிறது, இரவிலும் ரயில் உண்டு. இரவு ரயிலில் வந்தால் ஒரு பகலை மிச்சம் பிடிக்கலாம். தங்குவதற்குக் கல்லடி நல்லது: கடலும் வாவியும் நடந்துபோகிற தூரம், தெற்கே போகிற வீதியில் ஏற்கெனவே நிற்கிறீர்கள். படுவான்கரை ஊர்களில் தங்குமிடம் குறைவு. தெரிந்த வீடு இருந்தால் அங்கே தங்குங்கள். ஆனால் எங்களைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு, வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று. மந்திரம் ஒன்றும் இல்லை. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு யாராலும் எழும்ப முடியாது, அவ்வளவுதான்.

கல்லடிப் பக்கத்துத் தங்குமிடங்களில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். வாங்கும்போது இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள், டயரை அமுக்கிப் பாருங்கள், கரியர் இறுக்கமாக இருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். கரியர் எதற்கு என்று பிறகு சொல்கிறேன். பெரிய வீதிகள் எல்லாம் காபட் போட்டவை. ஊருக்குள் திரும்பினால் கிரவல். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லீற்றர், தொப்பி, சில்லறைக் காசு, கோயிலுக்குள் போக ஒரு வேட்டி அல்லது முழங்காலை மூடுகிற உடுப்பு. பல கோயில்களில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும், அதனால் கழற்றச் சுலபமான சட்டை. ட்ரோன் கொண்டு வந்திருந்தால் அனுமதி இல்லாமல் பறக்க விடவேண்டாம். படை முகாம்களைப் படம் எடுக்கவும் வேண்டாம்.

அன்று மாலை சும்மா இருக்கப் போகிறீர்கள் என்றால் நகரம் இருக்கிற புளியந்தீவுக்கு ஒரு நடை. 1628இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை, பத்து வருடத்தில் 1638இல் ஒல்லாந்தர் கைக்குப் போனது. கோட்டை சின்னதுதான். மதிலோரம் நின்று வாவியைப் பார்த்தால் எதற்காக அங்கே கட்டினார்கள் என்று உடனே விளங்கும்: இரண்டு பக்கத்தாலும் வாவி, வருகிற தோணி தூரத்திலேயே தெரியும்.

ஒரு நாள் மட்டும் இருக்கிறவர்களுக்கு: கொக்கட்டிச்சோலை வட்டம்

காலை ஐந்தரைக்குக் கல்லடியிலிருந்து வெளிக்கிடுங்கள். காத்தான்குடியில் வீதி நடுவே பேரீச்சை மரங்கள் வரிசையாக நிற்கும், அந்த நேரத்தில் தேத்தண்ணீர்க் கடை திறந்திருக்கும். சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஆரையம்பதி தாண்டி, மண்முனைச் சந்தியில் வலப்பக்கம் திரும்பினால் நேரே பாலம்.

மண்முனைப் பாலம் ஜப்பான் உதவியோடு கட்டப்பட்டு 2014இல் திறந்தது. அதற்கு முன் அந்த இடத்தில் பாதைதான். நோயாளியை ஏற்றிக்கொண்டு வந்து, பாதை அடுத்த கரையில் நிற்கிறதைப் பார்த்துக்கொண்டு நின்ற இரவுகளை அம்மா இன்றும் சொல்லுவார். அதனால் பாலத்தைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாலத்தில் நீங்கள் அரை மணி நேரமாவது நிற்கவேண்டும். ஏழு மணிக்கு முன் தண்ணீர் அசையாது. ஒரு தோணியில் ஒருவர் நின்றபடி வீச்சுவலையைத் தோளில் போட்டு, நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, உடம்பை ஒரு சுற்றுச் சுற்றி எறிவார். வலை வட்டமாக விரிந்து விழுகிற சத்தம், அரிசியைச் சுளகில் கொட்டின மாதிரி, பாலத்துக்குக் கேட்கும். கரையோரக் கண்டல் மரங்களில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு இருக்கும். ஒக்டோபருக்கும் மார்ச்சுக்கும் நடுவில் வந்தால் வெளிநாட்டுப் பறவைகளும் சேர்ந்துகொள்ளும். இருநோக்கி இருந்தால் கொண்டுவாருங்கள். பாலத்தில் வண்டிகள் வேகமாக வரும், ஓரமாக நில்லுங்கள்.

பாலத்துக்கு அப்பால் மகிழடித்தீவு. இங்கே 1991 ஜூன் 12ஆம் திகதி கொல்லப்பட்ட ஊர்மக்களுக்கு ஒரு நினைவுத்தூபி இருக்கிறது. சைக்கிளை நிறுத்தி, இறங்கி, ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள். தேத்தண்ணீர்க் கடையில் உட்கார்ந்து அதைப் பற்றிக் கேள்வி கேட்கத் தொடங்க வேண்டாம். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரர் கோயில்தான் படுவான்கரையின் நடு. கொக்கட்டி மரத்தடியில் லிங்கம் தானாகத் தோன்றியது, வேடர் ஒருவர் மரத்தை வெட்டப்போய் இரத்தம் கசிந்தது என்பது தலபுராணம். கோயிலில் ஒரு கல் நந்தி. போர்த்துக்கேயத் தளபதி ஒருவன் "உங்கள் மாடு புல் தின்னுமா?" என்று கேட்க, நந்தி எழுந்து புல்லைத் தின்று, அவனை ஓர் உதையும் விட்டது என்பார்கள். ஊர்ச் சிறுவர்களிடம் கேளுங்கள், உதை விழுந்த விதத்தை நடித்தே காட்டுவார்கள். ஆவணித் திருவிழாவில் தேர் வடம் பிடிக்கிற நாளில் வந்தால் சைக்கிளைத் தூரத்திலேயே விட்டுவிட்டு நடந்து வரவேண்டும். இரண்டு கரைச் சனமும் அன்று அங்கேதான். மற்ற நாளில் காலைப் பூசைக்கு நின்றுவிட்டு வெளியே வாருங்கள்.

பிறகு வட்டைக்குள். வரம்பில் நடக்கலாம், ஆனால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பயிர் நிற்கிற வயலுக்குள் படம் எடுக்க இறங்கவே கூடாது. விதைத்துப் பத்து நாள் ஆன வயல் வெறும் சேறு மாதிரித் தெரியும். கால் வைத்தால் ஒருவருடைய வேளாண்மையை மிதிக்கிறீர்கள். வயலுக்கு நடுவில் சின்ன வாடி (காவல் குடில்) ஒன்றில் யாராவது இருந்தால் குரல் கொடுத்து "வரலாமா ஐயா?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். பெரும்பாலும் "வாங்க மனே" என்ற பதில் வரும். 'மனே' என்பது 'மகனே' தேய்ந்து வந்தது. வயதானவர் உங்களை அப்படிக் கூப்பிட்டால் பாதி வேலை முடிந்தது. "மறுகா" என்றால் பிறகு, "ஒள்ளம்" என்றால் கொஞ்சம், "கிறுகு" என்றால் திரும்பு. வழி கேட்கும்போது இந்த மூன்று சொல்லும் கட்டாயம் வரும்.

பத்தரை மணிக்குள் வெயில் தலைக்கு வந்துவிடும். அதற்கு மேல் வட்டையில் நிற்க வேண்டாம். கொக்கட்டிச்சோலைச் சந்திக் கடைகளில் நிழலில் உட்காருங்கள், சோற்றுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தால் ஆற்று மீன் கிடைக்கலாம். வாவியைத்தான் நாங்கள் ஆறு என்போம். இறால் சுண்டலும் பாலாணமும் (தேங்காய்ப்பால் கறி) இருந்தால் வேறொன்றும் கேட்காதீர்கள். மாரி கழிந்த கையோடு வந்தால் வயல் வாய்க்காலில் பிடித்த கணையானும் விராலும் கிடைக்கும். முள் அதிகம், அவசரப்படக் கூடாது.

மூன்று மணி போல வெளிக்கிட்டுத் தெற்கே அம்பிளாந்துறைக்குப் போங்கள். அங்கே துறையடியில் பாதை, அக்கரையில் குருக்கள்மடம். இரும்பு மிதவை, மேலே பலகை, சுற்றிவரக் கம்பி. மோட்டார் சைக்கிள்கள் முதலில் ஏறும், பிறகு சைக்கிள், பிறகு நெல் மூட்டையோ வாழைக்குலையோ, கடைசியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாய்ந்து ஏறுவார்கள். முன் பிரேக்கைப் பிடித்தபடி நில்லுங்கள். கரையில் தட்டும்போது ஒரு குலுக்கல் வரும். ஒரு தடவை நான் கால் கிலோமீற்றர் தூரத்தில் வரும்போதே பாதை கிளம்பிவிட்டது. கையைக் காட்டிக் கத்தினேன். அதிலிருந்தவர் சிரித்துக்கொண்டு "மறுகா வாற பாதையில வாங்க மனே" என்றார். மறுகா வந்தது நாற்பது நிமிடத்துக்குப் பிறகு. அந்த நாற்பது நிமிடமும் துறையடி மரத்தின் கீழ் ஒரு கிழவி அத்தாங்கு என்கிற கைவலையால் இறால் வடிப்பதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அதனால் பாதை தவறினால் கோபப்படாதீர்கள். கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்று மட்டும் காலையிலேயே, கொக்கட்டிச்சோலையில் நிற்கும்போதே, இரண்டு பேரிடம் கேட்டுவையுங்கள். காற்று அடித்தாலும் நீர் ஏறினாலும் ஓட்டம் மாறும்.

குருக்கள்மடத்தில் இறங்கியதும் ஓடிவிட வேண்டாம். துறையடியில் திரும்பி நின்று பாருங்கள். நீங்கள் வந்த கரையின் மேல் சூரியன் படுகிறது. படுவான்கரை என்ற பெயர் அங்கே நின்றால்தான் தெரியும். பிறகு கிரான்குளம், புதுக்குடியிருப்பு வழியாக வடக்கே கல்லடிக்கு. இருட்டுவதற்குள் சைக்கிளுக்கு விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள், அந்த வீதியில் பஸ்கள் வேகம்.

தயிர்ச் சட்டி வாங்குகிற விதம்

மேலைநாடுகளில் திராட்சை விளைகிற கிராமங்களைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு போத்தலோடு திரும்புவார்களாம். எங்களுக்கு அது எருமைத் தயிர். கரியரைப் பற்றிச் சொன்னேனே, இதற்குத்தான்.

பாலைக் காய்ச்சி, ஆறவிட்டு, உறை கலந்து மண்சட்டியில் ஊற்றி மூடிவைப்பார்கள். தயிரின் தண்ணீரைச் சட்டி உறிஞ்சிக்கொள்ளும், அதனால்தான் மண்சட்டித் தயிர் கட்டியாக இருக்கிறது. பிளாஸ்டிக் கோப்பையில் அந்தக் கட்டி வராது. வாங்கும்போது சட்டியை மெல்லச் சரித்துப் பாருங்கள். நல்ல தயிர் அசையாது. மேலே மஞ்சள் கலந்த ஆடை படர்ந்திருக்க வேண்டும், ஓரத்தில் தண்ணீர் பிரிந்து நிற்கக் கூடாது. முகர்ந்து பாருங்கள், கடைக்காரர் கோபிக்க மாட்டார். மாடு விதைப்புக் காலத்தில் வயலை விட்டுத் தூரத்து மேய்ச்சல் தரைகளுக்குப் போய்விடும். வெட்டு முடிந்த பிறகு பட்டிகள் திரும்பி வந்து தாளடி மேயும். அப்போது வீதியில் எருமைகள் குறுக்கே நின்றால் மணியடித்துப் பயனில்லை. அவை போன பிறகு நீங்கள் போங்கள்.

சட்டியைக் கரியரில் கட்டும்போது கீழே ஒரு சாக்கை மடித்து வையுங்கள். நான் முதல் தடவை வெறுங் கரியரில் இறுக்கிக் கட்டி, வேகத்தடையில் ஏறி இறங்கி, வீட்டுக்கு வரும்போது காற்சட்டையின் பின்பக்கம் முழுக்கத் தயிர். எங்கள் தெருவில் அது இப்போதும் கதை. தேன் போத்தலும் வீதியோரத்தில் வைத்து விற்பார்கள். மட்டக்களப்புக்கு இருக்கிற 'மீன் பாடும் தேன் நாடு' என்ற பெயரை நம்பி எல்லாப் போத்தலையும் வாங்கிவிடாதீர்கள், சீனிப்பாகும் அதே நிறம்தான். தெரிந்தவர் ஒருவரைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு நாள் இருந்தால் மண்டூர்

இந்த வட்டம் பெரியது. சைக்கிளை விட மோட்டார் சைக்கிளோ ஓட்டோவோ நல்லது. களுதாவளையில் வெற்றிலைக் கொடிகளைப் பார்த்துக்கொண்டு களுவாஞ்சிகுடிக்கு வாருங்கள். அங்கிருந்து பட்டிருப்புப் பாலம் தாண்டினால் போரதீவுப் பற்று. பழுகாமத்தில் திரௌபதை அம்மன் கோயில்; பாரதக் கதையோடு சேர்ந்த சடங்கும் தீமிதிப்பும் அங்கே பெயர்போனவை. பிறகு தெற்கே மண்டூர்.

மண்டூர்க் கந்தசுவாமி கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்வார். மூலஸ்தானத்தைத் திரை மறைத்திருக்கும், திரையைத்தான் கும்பிடுவோம். மந்திரம் கேட்காது, சனத்தின் "அரோகரா" மட்டும் கேட்கும். பெரிய கோபுரம், தங்கத்தேர் என்று எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு முதலில் ஒன்றும் பிடிபடாது. கால் மணி நேரம் பேசாமல் நில்லுங்கள். ஆவணிப் பூரணையில் தீர்த்தம்.

கோயிலைச் சுற்றியும் வாவிக் கரையிலும் தில்லை மரங்கள், அதனால்தான் 'தில்லை மண்டூர்' என்ற பெயர். அந்த மரத்தின் இலையையோ கொப்பையோ ஒடிக்காதீர்கள். வெள்ளைப் பால் வரும். கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்க முடியாது, பார்வைக்கே கேடு. என்னோடு வந்த நண்பன் ஒருவன் இலையைக் கிள்ளிய கையால் முகத்தைத் துடைத்தான். அன்றைய மிச்சப் பயணம் ஆஸ்பத்திரி வாங்கில் முடிந்தது.

திரும்பும்போது மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் பாதை உண்டு. அம்பிளாந்துறைக்குச் சொன்ன எல்லாம் இதற்கும் பொருந்தும்.

மேற்கே காட்டோரம் போகிறவர்கள்

நகரத்திலிருந்து வலையிறவுப் பாலத்தால் வவுணதீவுக்குப் போய், ஆயித்தியமலை வழியாக உன்னிச்சைக் குளத்துக்கு ஒரு வழி இருக்கிறது. விடியற்காலையில் வலையிறவு மட்டும் போய் வந்தாலே பறவைகளுக்குக் குறைவில்லை. ஆயித்தியமலையில் மாதா திருத்தலம். செப்டம்பர்த் திருவிழாவுக்கு மட்டக்களப்பிலிருந்து நடந்தே போகிறவர்கள் இன்றும் நிறைய. உன்னிச்சை பெரிய குளம்; நகரத்துக் குழாயில் வருகிற தண்ணீர் இங்கிருந்துதான் வருகிறது. அணைக்கட்டில் நடக்கலாம், குளிக்க இறங்க வேண்டாம். குளத்திலும் சரி வாவியிலும் சரி, முதலை உண்டு. ஊர்ச் சனம் குளிக்கிற இடத்தில், அவர்கள் குளிக்கிற நேரத்தில் மட்டும் இறங்குங்கள்.

தாந்தாமலை முருகன் கோயிலும் இந்தக் காட்டோரத்தில்தான், பட்டிப்பளைப் பக்கம். பாறையில் ஏறினால் காடும் குளமும் வயலும் ஒரே பார்வையில் விரியும். பழைய கட்டடங்களின் அடையாளங்கள் பாறைமேல் கிடக்கின்றன. ஆடித் திருவிழாவில் சனம் நிறைந்து வழியும், மற்ற நாளில் குரங்குகள்தான். செருப்பில்லாமல் ஏறவேண்டும் என்பதால் காலை எட்டு மணிக்கு மேல் பாறை காலைச் சுடும்.

இங்கே நான் விளையாட்டாகச் சொல்லவில்லை: யானை. மாலை நான்கரைக்குள் காட்டோர வீதிகளை விட்டு வெளியே வந்துவிடுங்கள். வயற்காரர்கள் மரத்தின் மேல் பரண் கட்டி இரவெல்லாம் விழித்திருப்பது படம் எடுக்கிறவர்களுக்காக இல்லை. சில வருடங்களுக்கு முன் உன்னிச்சையிலிருந்து திரும்பும்போது ஐந்தே முக்காலுக்கு எனக்கு டயர் காற்றுப் போனது. தள்ளிக்கொண்டு நடந்தேன். வளைவில் ஒரு பெரியவர் எதிரே வந்து கையைப் பிடித்து நிறுத்தினார். "கிறுகுங்க மனே, முன்னுக்கு நிக்குது." எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் வாயைப் பொத்திக் காட்டினார். பிறகுதான் கொப்பு முறிகிற சத்தம் கேட்டது. அவருடைய வாடியில் உட்கார்ந்து, பிளேன்ரி குடித்து, ஒரு உழவு இயந்திரம் வந்த பிறகுதான் வீடு சேர்ந்தேன். எங்கும் புதுச் சாணம் கண்டால் மேலே போகாதீர்கள். ஊர்க்காரர் "இண்டைக்கு வேணாம்" என்றால் காரணம் கேட்காமல் திரும்புங்கள்.

இரவுகள்

வெட்டு முடிந்து கையில் காசும் நேரமும் இருக்கிற மாதங்களில் படுவான்கரை ஊர்களில் கூத்து ஆடுவார்கள். வடமோடி, தென்மோடி என்ற இரண்டு பாணியும் உண்டு. வட்டக்களரியைச் சுற்றிச் சனம் பாய் விரித்து இருக்கும், கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தோடு நடுவில், விடியும்வரை ஆட்டம். நடுச்சாமத்தில் பனி இறங்கும், ஒரு போர்வை கொண்டு போங்கள். படம் எடுங்கள், ஆனால் பிளாஷ் அடிக்க வேண்டாம்; ஆடுகிறவர் கண் கூசினால் அடி தவறும். எங்கே எப்போது என்பதற்கு விளம்பரம் பெரும்பாலும் இருக்காது. கொக்கட்டிச்சோலைச் சந்தியில் தேத்தண்ணீர் குடிக்கும்போது கேட்டுவையுங்கள்.

கூத்து இல்லாத பூரணை இரவென்றால், ஏப்ரலுக்கும் செப்டெம்பருக்கும் நடுவில், மீன் பாட்டுக் கேட்கக் கல்லடிப் பாலத்தடியில் தோணி ஒன்றைப் பேசிக்கொண்டு போங்கள். ஆங்கிலேயர் காலத்தில் கட்டிய பழைய பாலமும் 2013இல் திறந்த புதுப் பாலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. வண்டிச் சத்தம் அடங்க இரவு பதினொரு மணியாவது ஆகவேண்டும். நடு வாவியில் தோணியை நிறுத்தி, துடுப்புத் தண்டைத் தண்ணீருக்குள் இறக்கி, மேல் முனையில் காதை வையுங்கள். தந்தி ஒன்றைத் தட்டிவிட்ட மாதிரி ஒரு முனகல் வரும், நின்று, இன்னொரு சுரத்தில் திரும்ப வரும். பாடுவது மீனா ஊரியா (நத்தை மாதிரிச் சிப்பி) என்று ஊரில் இன்றும் வாதம் தீரவில்லை. எனக்கு மூன்று தடவை போனதில் ஒரு தடவைதான் கேட்டது. தோணிக்காரரிடம் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று ஏற முன்பே பாருங்கள், கூலியையும் அப்போதே பேசிவிடுங்கள். பேசுகிறதென்றால் குரலைத் தாழ்த்துங்கள், அல்லது பேசவே வேண்டாம்.